தூணுக்குப் பின்னால்

அம்மாவின் செருப்பு அங்கேதான் கிடந்தது. ஆலயத்தின் படிக்கு இடதுபுறம், மற்றவர்களின் செருப்புகளிலிருந்து கொஞ்சம் தள்ளி, சுவரை ஒட்டி. இடது கால் வார் அறுந்துபோனதைப் போன மாதம் நான்தான் நீல நைலான் நூலால் தைத்துக் கொடுத்தேன், அந்த நீலம் தூரத்திலேயே தெரிந்தது, வேறு யாருடையதாகவும் இருக்க வழியில்லை. அதுவரைக்கும் டீக்கடை வேலாயுதம் மாமா ஆளை மாற்றிப் பார்த்திருப்பார் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். "உங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரியில மட்டுந்தான் வேலையா, இல்ல சர்ச்சுலயும் கூட்டிப் பெருக்குதா? ஞாயித்துக்கிழமையானா அந்தக் கேட்டுக்குள்ள போவுதே, முக்காடு வேற" என்று அவர் போன வாரம் கேட்டபோது பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரும் டீயை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். அப்படியொரு சிரிப்பு எனக்கு வரும் என்று அன்றைக்குத்தான் தெரியும். "வேலையாத்தான் இருக்கும் மாமா" என்றேன். வேலைதான். ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை டூட்டி என்று ஆறு மாதமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். எட்டு மணிக்குக் கிளம்பிப் பதினோரு மணிக்குத் திரும்புகிற டூட்டி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று பட்டப்படிப்பு படித்த எனக்கு ஆறு மாதமாகக் கேட்கத் தோன்றவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது, படிக்கலாம் என்றுதான் தோன்றியது. என் செருப்பை அவளுடையதற்குப் பக்கத்தில் விடப்போய், வேண்டாம் என்று எடுத்து, குரோட்டன் தொட்டிக்குப் பின்னால் விட்டேன். புதன்கிழமை எனக்கு அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. இன்று ஞாயிறு. நடுவில் இரண்டே நாள்.

வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "வாங்கம்மா, வாங்க. முதல் தடவையா வர்றீங்களா?" எப்படித் தெரியும் இவருக்கு. இருநூறு முந்நூறு பேர் வருகிற இடத்தில் ஒரு புதுமுகத்தை ஒரே பார்வையில் பிரித்தெடுக்கிறார் என்றால் அதற்கென்றே அங்கே நிறுத்தப்பட்டவராகத்தான் இருக்கும். ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாத மாதிரி தலையை ஆட்டினேன். ஒரு தாளைக் கொடுத்தார். 'முதன்முறையாக வந்திருப்பவர்களுக்கு' என்று மேலே தடித்த எழுத்தில் இருந்தது. கையில் கொடுத்த தாளைப் படிக்காமல் நான் அடுத்த அடி வைப்பதில்லை, மூன்று வருஷம் குரூப் நாலுக்குப் படித்ததில் வந்த பழக்கம். நின்றபடியே படித்தேன். விரும்பிய இடத்தில் அமரலாம். நிற்பதும் அமர்வதும் முழங்காலிடுவதும் மாறி மாறி வரும், மற்றவர்களைப் பார்த்துச் செய்யலாம், செய்யாமல் அமர்ந்திருந்தாலும் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பாட்டு எண்கள் முன்னால் பலகையில் இருக்கும். காணிக்கைப் பை வரும்போது போட வேண்டிய கட்டாயமில்லை. கடைசி வரி: திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் ஞானஸ்நானம் பெற்றுத் திடப்படுத்தப்பட்டவர்களுக்கு மட்டுமே வழங்கப்படும். திடப்படுத்தல் எனக்குத் தெரியும். கல்லூரியில் என் பெஞ்சில் இருந்த ஜாஸ்மின் அதற்காக வெள்ளைப் புடவை எடுத்தாள், பேராயர் வந்து தலையில் கைவைத்தார், அன்றிலிருந்து அவள் சபையில் முழு ஆள். ஞானஸ்நானத்துக்கு அடுத்த படி. திரும்பி வர முடியாத படி. அந்தக் கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். தாளோடு ஒரு அட்டையைப் பின் அடித்திருந்தார்கள்: பெயர், முகவரி, கைபேசி எண், ஆயர் உங்கள் வீட்டுக்கு வந்து ஜெபிக்க விரும்புகிறீர்களா, ஆம், இல்லை, டிக் செய்யவும். இவ்வளவு நயமாக எழுதி, கட்டாயமில்லை கட்டாயமில்லை என்று சொல்லி, கடைசியில் முகவரி. தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தேன், எழுதின பக்கம் உள்ளே போகும்படி, பின்பக்கம் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

கடைசியிலிருந்து இரண்டாவது பெஞ்சில், பெண்கள் பக்கம், நடுவில் இடம் கிடைத்தது. ஓரத்தில் உட்கார்ந்தால் எழுந்து ஓட வசதி, ஆனால் ஓரத்தில் உட்காருகிறவர்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பக்கத்தில் ஐம்பது வயதுக்கு ஒரு அம்மா, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் உறை போட்ட பைபிள், உறையில் பூ வேலை. "ஷாலைத் தலையில போட்டுக்கம்மா" என்று கிசுகிசுத்துவிட்டு, நான் போடுவதற்குள், "போடாட்டியும் பரவால்ல, ஃபேன் காத்துல நிக்காது" என்று அவரே சிரித்தார். "எம்பேரு ஹெப்சிபா." என் பெயரைச் சொல்ல ஒரு இடைவெளி விட்டார். நான் ஷாலைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தேன். ஹெப்சிபா கேட்கவில்லை, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, கேட்காமல் விடுகிறவர்கள் வேறு வழியில் தெரிந்துகொள்வார்கள். ஷால் தலைக்கு வந்ததும் ஒரு நிம்மதி, முகத்தில் பாதி மறைந்தது. ஏனென்றால் அப்போதுதான் கேமராவைப் பார்த்தேன். நடுவழியின் முடிவில், மூன்று கால் ஸ்டாண்டில், ஒரு பையன் அதைத் திருப்பித் திருப்பிக் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். யூட்யூபில் நேரலை என்று வாசலில் பேனர் இருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. ஆறு மாதம். ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகள், இருபத்தைந்து இருபத்தாறு வீடியோ, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், நிறுத்திப் பெரிதாக்கலாம், இதோ இந்த முக்காட்டுக்காரி யார் தெரிகிறதா என்று வட்டம் போட்டு அனுப்பலாம். என் ஃபைலில் உள்ள சாதிச் சான்றிதழில் 'இந்து' என்று ஒரு சொல், பிறகு ஒரு சின்னக் கோடு, பிறகு 'ஆதிதிராவிடர்'. அந்தக் கோட்டை நான் சாதாரணமாக நினைத்தேன். முதல் சொல் போனால் இரண்டாவது சொல்லும் கையை விட்டுப் போகும் என்பது எனக்குப் பரீட்சைக் கேள்வியாகத்தான் தெரியும், நாலு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுத்து ஒன்றரை மார்க் வாங்கியிருக்கிறேன். மதம் மாறினவர்களுக்கு வேறு பட்டியல். அந்தப் பட்டியலில் என் மார்க்குக்கு வேலை இல்லை, அதை நான் மறைக்கப் போவதில்லை, இந்தப் பட்டியலிலேயே கடைசியிலிருந்து பதினோராவது பெயர் என்னுடையது. அம்மா மாறினால் வயதுக்கு வந்த மகளுக்கு என்ன என்று சட்டம் எப்படிச் சொல்கிறது என்று நேற்று இரவெல்லாம் செல்போனில் தேடினேன். ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். ஆனால் எனக்குக் கீழே காத்திருக்கிற பத்துப் பேரில் ஒருவருக்குச் சட்டம் எதற்கு, ஒரு மொட்டைப் பெட்டிஷன் போதும். தாயார் இன்ன ஆலயத்தில் இன்ன தேதியிலிருந்து. விசாரணை முடிகிறவரை நிறுத்திவைக்கவும். முதல் பட்டதாரிச் சான்றிதழ்கூட அதே ஃபைலில்தான் இருக்கிறது, குடும்பத்தில் இவருக்கு முன் யாரும் பட்டம் பெறவில்லை என்று தாசில்தார் கையெழுத்துப் போட்டது. முதல் ஆளாகப் போகிறவளுக்கு முன்னால் யாருடைய காலடியும் இல்லை. எங்கே கால் வைத்தாலும் அது குழியாக இருக்கலாம்.

மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன், ஒரு நொடி தாமதமாக, அந்த ஒரு நொடி என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். வெள்ளை அங்கி போட்ட பாடகர்கள் இரண்டு இரண்டு பேராக, முன்னால் ஒருவர் சிலுவையைத் தூக்கிக்கொண்டு, பாடியபடியே என்னைக் கடந்து போனார்கள். கடைசியில் ஆயர், கழுத்தில் பச்சைப் பட்டை. "ஐயர் இன்னிக்கு நேரத்துக்கு வந்துட்டார்" என்று பின் பெஞ்சில் ஒரு குரல். ஐயரா? ஆயரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இங்கேயும் ஐயர்தானா? யார் இந்த ஐயர், எந்த ஊர், எந்தத் தெரு, முன் பெஞ்சில் பட்டுப் புடவையோடு உட்கார்ந்திருக்கும் குடும்பம் எது, அது எப்போதும் முன் பெஞ்சுதானா, கடைசியில் இருக்கும் பெஞ்சுகளில் யார் யார் உட்காருவார்கள், இதெல்லாம் தாளில் போடவில்லை. ஜாஸ்மின் வீட்டில் எனக்குத் தனியாக எடுத்துவைத்த சில்வர் டம்ளர் ஞாபகம் வந்தது. அவர்கள் சுவரிலும் இதே சிலுவைதான் தொங்கியது. பாட்டுப் புத்தகத்தை ஹெப்சிபா பாதி என் பக்கம் நீட்டி, வரிக்கு வரி விரலால் காட்டிக்கொண்டே பாடினார். நான் வாயை மட்டும் அசைத்தேன். கண் பெண்கள் பக்கம் முழுக்க அம்மாவைத் தேடியது. எல்லாத் தலையிலும் முக்காடு, பின்னாலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒரே ஆள். பாட்டு முடிந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தாள். சுவரோரம், மூன்றாவது தூணுக்குப் பின்னால். பீடம்கூடச் சரியாகத் தெரியாத இடம் அது. ஆஸ்பத்திரிக்குக் கட்டும் பச்சை யூனிஃபார்ம் புடவை, முந்தானை தலையில். வீட்டில் அந்தத் தலையில் எதையும் போட்டு நான் பார்த்ததில்லை, சித்திரை வெயிலில் தண்ணீர்க் குடம் தூக்கி வரும்போதுகூட. தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாள். என்னிடமிருந்து. அப்பா போய் ஒன்பது வருஷம், ஒரே அறை, ஒரே பாய், நான் தும்மினால் எழுந்து பார்க்கிறவள், அவளுக்குள் இப்படியொரு தூண் இருந்திருக்கிறது. யார் கூட்டி வந்தது? ஆஸ்பத்திரியில் யாரோ நர்ஸ். என்ன சொல்லியிருப்பார்கள்? மகளுக்கு வேலை கிடைக்கும் என்றா? அந்த வேலைக்குத்தான் இது வேட்டு என்று யாராவது சொன்னார்களா? கையெழுத்து வாங்கினார்களா? அவளுக்குக் கையெழுத்துப் போட நான்தான் சொல்லிக்கொடுத்தேன், நான் ஆறாவது படிக்கும்போது, சிலேட்டில். எதில் வேண்டுமானாலும் போட்டுவிடுவாள், போடத் தெரிந்த பெருமையில்.

முழங்காலிடச் சொன்னார்கள். எல்லோரும் சேர்ந்து பாவத்தை அறிக்கையிட்டார்கள், சத்தமாக, ஒரே வாக்கியத்தில், இருநூறு பேரும். யார் என்ன செய்தார் என்று யாரும் சொல்லவில்லை. பொதுவாக ஒரு மனு மாதிரி இருந்தது. இது சுலபமாக இருக்கிறதே என்று நினைத்தேன், பிறகு, நான் அதைச் சொல்ல வேண்டியிருந்தால் இன்று காலை அம்மா கிளம்பின ஐந்தாவது நிமிஷம் பின்னாலேயே கதவைப் பூட்டிக்கொண்டு திருடியைப் பின்தொடர்வது மாதிரி வந்ததைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது. முழங்கால் வலித்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, மூன்று மாடி துடைக்கிறவள், அவள் முழங்காலிட்டிருக்கிறாளா என்று தூண் மறைத்தது. பிறகு விசுவாசப் பிரமாணம். எழுந்து நின்று, விசுவாசிக்கிறேன் விசுவாசிக்கிறேன் என்று ஒவ்வொன்றாக. நான் உதட்டை அழுத்தி மூடிக்கொண்டேன். சொல்லாததைச் சொன்னதாக யாரும் நிரூபிக்க முடியாது. கேமரா இந்தப் பக்கம் திரும்பியது, என் மூடிய வாய் பதிவாகட்டும் என்று ஷாலைக்கூடக் கொஞ்சம் விலக்கினேன், உடனே பயந்துபோய் இழுத்துக்கொண்டேன். அம்மாவின் உதடு அசைகிறதா? பின் தலை மட்டும் தெரிகிறது. பின் தலையிலிருந்து என்ன கண்டுபிடிக்க முடியும். அவள் காதுக்குப் பின்னால் இருக்கும் சின்ன மரு தெரிந்தது. அவ்வளவுதான். பிரசங்கத்தில் ஐயர் என்ன சொன்னார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மழையைப் பற்றி ஏதோ சொன்னார், எல்லோரும் ஒரு தடவை சிரித்தார்கள், அம்மாவின் தோளும் குலுங்கியது. சிரிக்கிறாள். எனக்குத் தெரியாத ஒரு விஷயத்துக்கு, எனக்குத் தெரியாத ஆட்களோடு சேர்ந்து சிரிக்கிறாள். இத்தனை சந்தேகத்திலும் எனக்கு அதிகமாக வலித்தது அதுதான்.

அறிவிப்புகள் வாசித்தார்கள். பெண்கள் ஐக்கியம் சனிக்கிழமை. ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர்கள் தேவை. பிறகு ஐயர் சிரித்த முகத்தோடு நிமிர்ந்து, "இன்னிக்கு நம்மோட ஆராதிக்கப் புதுசா வந்திருக்கிறவங்க, தயவுசெஞ்சு எழுந்து நில்லுங்க, உங்களை வரவேற்கணும்" என்றார். மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பம் எழுந்தது, பெயர் சொன்னார்கள், பழைய சபையின் பெயர் சொன்னார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். "வேற யாராவது?" வாசலில் தாள் கொடுத்த வெள்ளைச் சட்டைக்காரர் எங்கள் பெஞ்சுப் பக்கம் எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரியும். ஹெப்சிபாவுக்குத் தெரியும். கேமரா மெதுவாகத் திரும்பி வந்தது. நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து ஏதோ ஒரு பக்கத்தை உற்றுப் பார்த்தேன், கண்ணில் ஒரு எழுத்தும் விழவில்லை. பொய் சொல்லாதே என்று என்னை வளர்த்தவள் நாற்பதடி தூரத்தில் இருக்கிறாள், உட்கார்ந்தே ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "வேற யாருமில்ல போல" என்றார் ஐயர். ஹெப்சிபா என் பக்கம் திரும்பவே இல்லை, ஆனால் பைபிளை மடியில் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் மாற்றி வைத்தார். அதற்கு என்ன அர்த்தம்? பிறகு சமாதானம் சொல்லும் நேரம் என்று எல்லோரும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பினார்கள். ஹெப்சிபா என் இரண்டு கையையும் தன் இரண்டு கைக்குள் எடுத்துக்கொண்டார், கேட்காமல், யாரென்று தெரியாமல். சூடான, கொஞ்சம் சொரசொரப்பான கை, பாத்திரம் தேய்க்கிற கை. என் பெயர் தெரிந்தால், ஊர் தெரிந்தால், தெரு தெரிந்தால் இந்தக் கை இவ்வளவு நேரம் இருக்குமா என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடிப்பதற்குள் அவரே விட்டுவிட்டார், பின் பெஞ்சுக்குத் திரும்பினார். எல்லோருக்கும் அவ்வளவு நேரம்தான்.

திருவிருந்து. இதற்காகத்தான் வந்தேன், இது ஒன்றுதான் சாட்சி. ஞானஸ்நானம் பெற்றுத் திடப்படுத்தப்பட்டவர்களுக்கு மட்டும். எழுந்து போனால் முடிந்தது கதை, உட்கார்ந்திருந்தால் நேரம் இருக்கிறது, வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துச் சொல்லலாம், புதன்கிழமை வரைக்குமாவது, ஆர்டர் கைக்கு வருகிறவரைக்குமாவது. பெஞ்சு பெஞ்சாக எழுந்து போனார்கள். பீடத்துக்கு முன்னால் ஒரு மரக் கிராதி, அதையொட்டி வரிசையாக முழங்காலிட்டுக் கையேந்தினார்கள், ஐயர் ஒவ்வொருவர் கையிலும் அப்பத்தை வைத்துக்கொண்டே போனார், பின்னால் இன்னொருவர் வெள்ளிக் கிண்ணத்தோடு. ஒரே கிண்ணம். எல்லோர் உதட்டுக்கும் ஒரே கிண்ணம், ஓரத்தைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு. பட்டுப் புடவைக் குடும்பத்துக்கு அடுத்து காதில் தோடு இல்லாத ஒரு கிழவி குடித்தாள், அவளுக்கு அடுத்து ஒரு போலீஸ்காரர் மாதிரி இருந்தவர். நான் ஜாஸ்மின் வீட்டு டம்ளரை நினைத்தேன், எது உண்மை, டம்ளரா கிண்ணமா, இரண்டும் உண்மையாக இருந்தால் என்ன செய்வது. தூணோரப் பெஞ்சின் முறை வந்தது. முதல் பெண் எழுந்தாள். இரண்டாவது பெண். அம்மா எழுந்தாள். எழாதே என்று என் வாய்க்குள்ளேயே சொன்னேன், எழுந்துவிட்டாள், முந்தானையைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள், மூன்று மாடி துடைத்த காலோடு சாய்ந்து சாய்ந்து நடந்தாள். ஃபைல், சான்றிதழ், கோடு, பதினோராவது பெயர், மூன்று வருஷம், நான் படிக்கும்போது தூங்கிவிடாமல் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், அவளே எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்தக் கிராதியில் வைக்கிறாள். முழங்காலிட்டாள். ஐயர் அவளிடம் வந்தார். நான் அரைகுறையாக எழுந்து எட்டிப் பார்த்தேன், யார் பார்த்தாலும் பரவாயில்லை. அம்மா கையேந்தவில்லை. இரண்டு கையையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். ஐயர் அப்பத்தைக் கொடுக்கவில்லை. இடது கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையை அவள் தலைமேல் வைத்தார், ஏதோ சொன்னார், நகர்ந்தார். கிண்ணக்காரர் அவளைத் தாண்டி அடுத்தவரிடம் போனார்.

"அவங்களுக்கு ஏன் குடுக்கல?" கேட்டேவிட்டேன், அன்றைக்கு நான் ஹெப்சிபாவிடம் பேசின முதல் வார்த்தை. "யாரு, மருதாயி அக்காவுக்கா?" அம்மாவின் பெயரைச் சொல்கிறார். "ஞானஸ்நானம் எடுக்காதவங்க அப்படிப் போயி ஆசீர்வாதம் மட்டும் வாங்கிக்கலாம்மா. உங்கிட்ட குடுத்த தாள்லயே பின்னாடி போட்டிருக்குமே." பின்னாடி. பரீட்சையில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் நான் ஒரு தடவையும் பேனாவை மூடினதில்லை. "ஆறு மாசமா வர்றாங்க. ஐயர்கூட ஒருநா ஞானஸ்நானம் எடுக்கறீங்களான்னு கேட்டாரு. ஒரு பொண்ணு இருக்காம், கவர்மெண்டு வேலைக்கு ஏதோ பாக்கியிருக்காம். அவ காரியத்துல ஒரு தூசி விழக்கூடாது, நான் இப்படியே ஓரமா வந்துட்டுப் போறேன்னாங்களாம்." சொல்லிவிட்டு ஹெப்சிபா என் முகத்தை, முதல் தடவையாக, நேராகப் பார்த்தார். என் மூக்கு அம்மாவின் மூக்கு, எல்லோரும் சொல்வார்கள். "உனக்குத் தெரிஞ்சவங்களாம்மா?" ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொல்ல ஒரு நொடி போதும். "இல்ல" என்றேன். அவர் தலையாட்டினார், அவருடைய வரிசை எழுந்தது, போய்விட்டார். பெஞ்சில் நான் மட்டும். அப்படியானால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, மகள் ஒருத்தி இருக்கிறாள் என்று, பாக்கி இருக்கிறது என்று, இவ்வளவு பேருக்குத் தெரிந்தது ஒருவர் வாய் வழியாக வெளியே போகாதா என்று பழைய வேகத்திலேயே பயம் ஓட ஆரம்பித்தது, ஓடிக்கொண்டே போய் அந்த 'இல்ல'வில் தடுக்கி விழுந்தது. எழுந்து ஓடியது, மறுபடி அதிலேயே தடுக்கியது. யாரும் என்னை மிரட்டவில்லை. என் கையில் தன் கைச்சூடு இன்னும் ஆறாத ஒரு அம்மாள் கேட்டார். அதற்கே இல்லை என்றேன். புதன்கிழமை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர் கேட்டால் என்ன சொல்வேன், எவ்வளவு தூரம் போவேன்.

கடைசிப் பாட்டுத் தொடங்கியதும் வெளியே வந்துவிட்டேன். குரோட்டன் தொட்டிக்குப் பின்னால் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினால் அம்மா படியில் நிற்கிறாள். கூட்டம் வெளியே வருமுன் கிளம்பிவிடுவது அவள் வழக்கம் போலிருக்கிறது. என்னைப் பார்த்தாள். முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினாள். "கதவைப் பூட்டினியா?" என்றாள். பூட்டினேன் என்றேன். "சாப்பிட்டியா?" இல்லை என்றேன். நீல நூல் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு நின்றாள். ஒரு வாரமாக மனப்பாடம் செய்துவைத்த கேள்விகளில் ஒன்றும் வரவில்லை. "எதுக்கும்மா இங்க வர்ற?" என்று மட்டும் வந்தது. யோசித்தாள். "உக்காரச் சொல்றாங்கடி" என்றாள். "என்னது?" "வந்ததும், உக்காருங்கம்மாங்கறாங்க. ஃபேனுக்கு அடியில. வேற எங்க சொல்றாங்க? ஆஸ்பத்திரியில ஒரு நாக்காலி மேல கை வச்சா சூப்பர்வைசரு பல்லக் கடிக்கிறாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அது மட்டுமில்ல. இன்னும் இருக்கு. அத எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள். "கேமரா இருக்கும்மா உள்ள." "அது மூணாவது தூணுக்குப் பின்னாடி வராது. மொத வாரமே பாத்துட்டேன்." தூண். என்னிடமிருந்து ஒளியத் தூண் என்று நான் நினைத்தேன். "புதுசா வந்தவங்க எந்திரிங்கன்னாரே, நீ எந்திரிச்சியா?" "இல்ல." "நல்லது. நானும் ஆறு மாசமா எந்திரிக்கல" என்றாள், அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்தது, பிரசங்கத்தில் குலுங்கின அதே தோள். "பாவம், அந்த ஐயரு ஒவ்வொரு வாரமும் எம்பக்கம் பாத்துட்டு வேற யாருமில்லம்பாரு." நானும் சிரித்தேனா அழுதேனா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை, மூக்கு ஒழுகியது. உள்ளே பாட்டு முடிகிற சத்தம். அவள் உடனே பழைய ஆளாகிவிட்டாள். "நீ முன்னால போ. நான் கொஞ்சம் கழிச்சு வர்றேன். டீக்கடையில ஆளு இருக்கும்."

போனேன். உண்மையைச் சொன்னால், யோசிக்காமல் போனேன், அவள் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. கேட்டைத் தாண்டி, மின்சார டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி. பின்னால் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. தைத்த வார் கொஞ்சம் தளர்வு, அதனால் இடது கால் மட்டும் பட்டென்று அடிக்கும், வலது கால் சத்தமில்லாமல் வரும். பட், பிறகு ஒன்றுமில்லை, பட், பிறகு ஒன்றுமில்லை. நான் வேகமாக நடந்தால் சத்தம் தள்ளிப் போனது. மெதுவாக நடந்தால் அதுவும் மெதுவானது, நெருங்கி வந்துவிடாமல். இருபதடி. ஆறு மாதமாக இப்படித்தான், நான் பார்க்காதபோதும் என்னிடமிருந்து இருபதடி தள்ளியே நடந்திருக்கிறாள், தன் நிழல்கூட என் தாளில் விழாதபடி. அங்கே உள்ளே எல்லோரும் கையேந்தியபோது அவள் கையை மார்பில் மடக்கிக்கொண்டது நடந்துகொண்டே எனக்குத் தெரிந்தது, கண் முன்னால், கிராதியும் தட்டும் எல்லாம். டீக்கடை வந்தது. பெஞ்சில் மூன்று பேர். வேலாயுதம் மாமா பாய்லருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "என்ன சுகந்தி, சர்ச்சு பக்கத்துலேர்ந்து வர்ற மாதிரி இருக்கு? நீயும் கூட்டிப் பெருக்கறியா?" மூன்று பேரும் டீயை நிறுத்தினார்கள். அந்தச் சிரிப்பு என் வாய் ஓரத்தில் தயாராக வந்து நின்றது. பின்னால் பட் என்ற சத்தம் நின்றுபோனது. நானும் நின்றேன். கடைக்கு நேர் எதிரில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், திரும்பி நின்றேன். அம்மா இருபதடியில் நின்று, போ போ என்று கையை இடுப்போடு வைத்து ஜாடை காட்டினாள். "எங்கம்மாகூட வந்தேன் மாமா" என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. அவள் வருகிறவரைக்கும் அங்கேயே நின்றேன். பக்கத்தில் வந்ததும் கையைப் பிடித்தேன். "புதன்கிழமைடி" என்றாள், உதடு பிரியாமல். "தெரியும்மா. நட."